ஒப்படைத்தவர் பெயர்

இரவு பதினொன்று இருபது.
கேட்டுக்கு வெளியே ஏதோ கிடக்கிறதென்று
மொஃபிசுல் வந்து சொன்னார்.
நாய்க்குட்டி என்று நினைத்திருக்கிறார்.
ஆகஸ்ட் மாதத்து சஜாவில், நடைபாதையில்,
புலிப்படம் போட்ட கம்பளி மூட்டை.

விரித்தோம்.
எந்தக் காரின் வயிற்றிலிருந்தோ
கழற்றியெடுத்த பேட்டரித் துண்டு.
விலா உப்பியிருந்தது.
நெயில் பாலிஷ் திறந்து வைத்த வாசனை.

“தள்ளி நில்லுங்க பாய்” என்றேன்.
அவர் ஏற்கெனவே சாலையைத் தாண்டியிருந்தார்.

ரப்பர் கையுறை, அதன்மேல் தோல் கையுறை,
முகத்துக்குக் கண்ணாடித் தட்டு.
கட்டடத்தைவிட்டு நாற்பது எட்டு தள்ளி
உலர்ந்த மணல் நிரப்பிய இரும்புத் தொட்டி.
இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால்
கம்பளி மடிப்பில் ஒரு ஷவர்மாத் தாள்,
எண்ணெய் படாத பக்கத்தில் பேனா எழுத்து,
தமிழில்:

‘மூணாவது தட்டு சூடா இருக்கு.
தண்ணி ஊத்தல.
குப்பைத் தொட்டில போடச் சொன்னாங்க.
பக்கத்துல பசங்க ரூம் இருக்கு, போடல.
இங்க வாங்குவீங்கன்னு போர்டுல பாத்தேன்.
மண்ணிக்கவும்.’

யார் படிப்பார்கள் என்று எழுதினாரோ.
இந்த கேட்டில் அரபி உண்டு, உருது உண்டு,
வங்காளம், மலையாளம், தகலாக்.
தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடைசிச் சொல்லில் மூன்று சுழி.
பள்ளிக்கூடம் என்றால் சிவப்பு மையில் வட்டம்.
நான் தொட்டியிலிருந்த மணலைப் பார்த்தேன்.
இந்த ராத்திரிக்கு
அந்த எழுத்துதான் சரி.

வெப்பம் காட்டும் கேமராவில்
அது ஆரஞ்சு நிறத்தில் உட்கார்ந்திருந்தது.
நாற்பத்தேழு.
ஒரு மணிக்கு ஐம்பத்தொன்று.
ஒன்று நாற்பதுக்கு ஐம்பத்தாறு.
அறுபதைத் தொட்டால் தீயணைப்புக்கு போன்.
அவர்கள் வந்தால் விசாரணை வரும்,
கேட்டின் மேலிருக்கும் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள்,
அதில் ஒரு பிக்கப்பின் நம்பர் இருக்கும்.
தொட்டால் போன் பண்ணியிருப்பேன்.
அதில் சந்தேகம் வேண்டாம்.
போனை வலது கையில்தான் வைத்திருந்தேன்.

அதனோடு பேசினேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
‘அங்கேயே நில்லு’ என்று
ஒரே ஒரு தடவை சொன்னேன்.

மூன்றரைக்கு ஐம்பத்து நான்கு.
பாங்கு சொல்லும்போது நாற்பத்தொன்பது.
விடிந்து ஊரெல்லாம் சூடேறத் தொடங்கியபோது
அது மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

இனி மிச்ச மின்சாரத்தை வடிக்கவேண்டும்.
தட்டுத் தட்டாகப் பிரித்து அரைத்தால்
கண்மை போலக் கறுப்புத் தூள்.
நிக்கல், கோபால்ட், லித்தியம் எல்லாம் அதற்குள்தான்.
பிரித்தெடுத்தால் இன்னொரு வண்டியில் ஏறி ஓடும்.

அதற்கு முன்னால் படிவம்.
எடை: பதினொன்று புள்ளி எட்டு.
நிலை: உப்பியது.
வண்டி எண்: தெரியாது.
ஒப்படைத்தவர் பெயர்:

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்.
நிரப்பாவிட்டால் கணினி அடுத்த பக்கம் போகாது.
‘தெரியாதவர்’ என்று போட மனமில்லை.
கொஞ்சம் தெரியுமே.
இடது பக்கம் சாய்கிற எழுத்து.
இந்நேரம் ஏதோ ஒரு ஏசி அறையில்
போர்வையில்லாமல்
காலை மடக்கிப் படுத்திருப்பார்.

‘ஒருவர்’ என்று அடித்தேன்,
ஆங்கில எழுத்தில்.
ஏற்றுக்கொண்டது.

எட்டு மணிக்கு மரிவிக் வந்து கேட்டாள்:
“யார் இந்த மிஸ்டர் ஒருவர்?
முன்னாடி வந்திருக்காரா?”

“இல்ல” என்றேன்.
“வருவார்.”

கம்பளியில் ஒரு மூலை கருகியிருந்தது,
புலியின் காது இருந்த இடம்.
அதுவும் அபாயக் கழிவுதான்,
மஞ்சள் பை, தனிப் படிவம்,
அதிலும் அதே கட்டம், அதே நட்சத்திரம்.

இந்தத் தடவை யோசிக்கவில்லை.